பெட்ஜ் கிடைக்கல்ல, மான் தோரணத்தைத் தின்னுட்டுது: வாசகர் கேள்வி பதில்

தை பிறந்தா திருகோணமலையில எந்தப் பாடசாலைப் பக்கம் போனாலும் பேண்ட் சத்தம்தான். மார்ச் பாஸ்ட் ப்ரக்டிஸ், பாடசாலை இல்லங்களுக்கிடையில விளையாட்டுப் போட்டி, மாணவத் தலைவர் தெரிவு, மரதன், அதுக்குப் பிறகு சுற்றுலா எண்டு மூணு மாசம் பிள்ளையளும் வீட்டில நிக்கிறேல்ல, பெத்தவங்களுக்கும் நிம்மதியில்ல. இந்த முறை வந்த கடிதமெல்லாம் அதைச் சுத்தித்தான் இருக்கு. முப்பது வருசம் வகுப்பறையில நிண்டவள், அதில கடைசிப் பத்து வருசம் கவுன்சிலிங் டீச்சரா இருந்தவள் எண்ட ஒரு தகுதியை மட்டும் வைச்சுக்கொண்டு பதில் சொல்றன். பேர் போட வேணாம் எண்டு எல்லாரும் கேட்டிருக்கிறதால ஒருத்தற்ற பேரும் போடல்ல.

டீச்சர், ஆறாம் வகுப்பில இருந்து நான்தான் மொனிட்டர். இந்த வருசம் மாணவத் தலைவர் லிஸ்டில என்ட பேர் இல்ல, என்ட பெஸ்ட் ஃப்ரெண்டுக்குக் கிடைச்சிருக்கு. அவள் பெட்ஜோட வாறதைப் பார்க்கவே ஏலாம இருக்கு. நான் கெட்டவளா?
(உயர்தர மாணவி, உவர்மலை)

இல்ல மகள், உங்களுக்குப் பொறாமை வந்திருக்கு, அவ்வளவுதான். அது வராத ஆள் ஆராவது இருந்தா என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்க, நானும் பார்க்கோணும்.

அந்த லிஸ்ட் போடுற மேசையில நானும் பல வருசம் இருந்திருக்கன், அதால உள்வீட்டுக் கதை சொல்றன். புள்ளி பார்ப்பாங்க, வரவு பார்ப்பாங்க, ஒழுக்கம் பார்ப்பாங்க, அதெல்லாம் உண்மைதான், ஆனா அதுக்குப் பிறகு விஞ்ஞானப் பிரிவுக்கு இத்தனை பேர், வர்த்தகத்துக்கு இத்தனை, கலைக்கு இத்தனை, ஒவ்வொரு இல்லத்திலயும் இத்தனை எண்டு ஒரு கணக்கு ஓடும், அந்தக் கணக்குக்குள்ள நல்ல நல்ல பிள்ளையள் எத்தினையோ பேர் விழுந்து போயிருக்காங்க. சில நேரம் ஒரு பிள்ளையின்ட பேரை எடுத்து "இவள் நல்ல பிள்ளை" எண்டு சொல்ல அந்த மேசையில ஒரு டீச்சர் இல்லாமப் போயிடும். சில நேரம் ஆரோட அப்பா ஆர் எண்ட கதையும் வரும், அதை ஒளிச்சு என்ன செய்யிறது, நீங்க எல்லாரும் அறிஞ்ச விசயம்தானே. அதால லிஸ்டில பேர் இல்ல எண்டதை வைச்சு உங்களை நீங்களே எடை போட வேணாம். கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற ஏ.எல் இசட் ஸ்கோருக்கும் பெட்ஜ் ஒரு தசமம் கூட்டித் தராது.

ஒரு பெடியனைப் பற்றிச் சொல்றன். ஒரு பதவியும் இல்லாதவன், மெல்லிசு, சத்தம் போட்டுக் கதைக்கவும் மாட்டான். விளையாட்டுப் போட்டி நாளில பின்னேரம் ட்ரில் நடந்துகொண்டிருக்கேக்க ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்திட்டுது. மாணவத் தலைவர்மார் எல்லாம் வி.ஐ.பி. பந்தலில மாலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. இவன்தான் ஓடி வந்து, காற்சட்டைப் பையில கைய விட்டு ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) பக்கட் ஒண்டை எடுத்து, தண்ணிப் போத்தலில கரைச்சு வைச்சுக்கொண்டு, பிள்ளை கண் முழிச்சு எழும்பி இருந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் குடுத்தான். பையில இன்னும் மூணு பக்கட் இருந்திச்சு. "ஏண்டா இது?" எண்டு கேட்டன். "போன வருசமும் விழுந்தாங்க டீச்சர்" எண்டான். அந்த வருசம் தலைவராயிருந்த ஆக்கள் ஆர் எண்டு இப்ப யோசிச்சுப் பார்க்கிறன், ஒரு பேரும் வருதில்ல.

இப்ப செய்யக்கூடியதைச் சொல்றன். பகுதித் தலைவரிட்டயோ பிரதி அதிபரிட்டயோ போய், அழாம, சண்டை பிடிக்காம, "என்னில என்ன குறை இருந்திச்சு எண்டு சொல்லுங்க சேர், திருத்திக்கொள்றன்" எண்டு கேளுங்க. கேட்கிற பிள்ளையள் குறைவு, அதால கேட்ட பிள்ளையை மறக்க மாட்டாங்க. பிறகு சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை, தமிழ் மன்றம், மாணவர் பாராளுமன்றம் எண்டு உங்கட பாடசாலையில எது நடக்குதோ அதில ஒண்டில இறங்குங்க, ஒண்டு போதும். ஃப்ரெண்டிட்ட மட்டும் இந்தக் கிழமைக்குள்ளேயே ஒருக்கா வாயைத் திறந்து சொல்லிடுங்க, "எனக்குக் கிடைக்காதது கவலை, அதால கொஞ்ச நாள் முகம் நீட்டிட்டன், உன்னில கோவம் இல்ல" எண்டு. அவளும் இவ்வளவு நாளும் உங்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரியாமக் குழம்பிக்கொண்டுதான் இருப்பாள்.

நான் மாணவத் தலைவர், காலம கேட்டில நிண்டு பிந்தி வாறவங்கட பேர் எழுதுறது என்ட டியூட்டி. இப்ப என்ட செட்டே என்னோட கதைக்கிறேல்ல, "காட்டிக்குடுக்கிறவன்" எண்டு நக்கல் அடிக்கிறாங்க. சின்னப் பிள்ளையள் முழங்காலில நிக்கேக்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கு.
(13ஆம் வகுப்பு மாணவன், அலஸ்தோட்டம்)

முதல்ல அந்த முழங்கால் கதையை முடிப்பம். கல்வி அமைச்சு 2005இலயே 2005/17 எண்ட சுற்றறிக்கை போட்டு டீச்சர்மாருக்கே உடல் தண்டனை குடுக்கக் கூடாது எண்டு சொல்லிட்டுது. டீச்சருக்கே இல்லாத உரிமை உங்களுக்கு எங்க இருந்து வந்தது? ஆராவது நிக்க வைக்கச் சொன்னா "நான் பேர் மட்டும் எழுதுறன் சேர்" எண்டு மரியாதையாச் சொல்லுங்க. சொல்றதுக்குப் பயமாத்தான் இருக்கும், தெரியும்.

இனி பேர் எழுதுறது. நான் இருந்த பாடசாலையில ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஒரே தவணையில அவளின்ட பேர் பிந்தி வந்தவங்கட கொப்பியில பக்கத்துக்குப் பக்கம் கிடக்கு. நாளொண்டுக்கு ஒரு ஆள் கேட்டில நிண்டு எழுதினதால ஒருத்தருக்கும் அது பிடிபடல்ல. நான் ஒரு நாள் கொப்பியைப் புரட்டேக்கதான் கண்ணில பட்டுது, கூப்பிட்டுக் கேட்டா, அம்மா குவைத்தில, அப்பா விடியக் கடலுக்குப் போனா வெயில் ஏறித்தான் வருவாராம், இவள்தான் தம்பிக்குப் பாண் வெட்டிக் குடுத்து, தலை இழுத்து, அவன்ட ஸ்கூல்ல கொண்டு போய் விட்டிட்டு, அங்க இருந்து நடந்து வாறாள். அவளின்ட ஸ்கூல்லயும் மணி 7.30, அவன்ட ஸ்கூல்லயும் மணி 7.30. பிறகு எப்படி நேரத்துக்கு வாறது?

அதால இன்னொரு சின்னக் கொப்பி வைச்சுக்கொள்ளுங்க. பேருக்குப் பக்கத்தில "ஏன்?" எண்டு ஒரு கோடு. பஸ்ஸா, சைக்கிள் காத்துப் போச்சா, நித்திரையா, வீட்டில சண்டையா. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் இருந்து வாற பஸ் பிந்தினா அந்தப் பஸ்ஸில வந்த அத்தனை பிள்ளையும்தான் பிந்தும், அதுக்குப் பிள்ளை என்ன செய்யும். ரெண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கொப்பியைக் கொண்டு போய் அதிபரிட்டக் குடுங்க. உங்கட செட்டுக்காரன் பிந்தினாலும் பேர் எழுதத்தான் வேணும், அதில தளர வேணாம், ஒருத்தனுக்கு விட்டா அடுத்த நாள் அவ்வளவு பேரும் வருவாங்க. நக்கல் அடிக்கிறதெல்லாம் மிஞ்சினா ஒரு மாசம், பிறகு வேற ஆரையாவது பிடிச்சிடுவாங்க.

எங்கட இல்லத்து வாசல்ல இரவிரவாக் கட்டின குருத்தோலைத் தோரணத்தையும் வாழையையும் விடிய வந்து பார்த்தா மான் தின்னுட்டுப் போயிருக்கு! இல்ல அலங்காரத்துக்குப் புள்ளி போச்சு. இதுக்கு என்ன தீர்வு?
(பச்சை இல்லம், நகரப் பாடசாலை)

தீர்வா? காவலுக்கு ஆள் போட்டிருக்கோணும் மக்காள். கோட்டையில நிண்ட மான் கடற்கரை தாண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் நடந்து திரியிற ஊரில இருந்துகொண்டு பச்சை ஓலையை வெளியில கட்டிட்டுப் போய்ப் படுத்தா அது விருந்துக்கு அழைச்ச மாதிரித்தானே. எங்கட காலத்தில மாடு தின்னும், இப்ப மான், முன்னேற்றம்தான்.

ஒண்டு மட்டும். ஓலைக்குப் பதிலா எண்டு பொலித்தீனும் பலூனும் கட்ட யோசிக்காதீங்க. இந்த ஊர் மான் பொலித்தீன் திண்டு சாகிறது புதுக் கதையில்ல. துணி கட்டுங்க, அடுத்த வருசத்துக்கும் வைச்சுப் பாவிக்கலாம்.

மகள் பத்தாம் வகுப்பு. இல்லத்துக்கு ஓடுறா, ட்ரில்லிலயும் இருக்கிறா. கணிதத்தில 71 எடுத்தவ இப்ப 48. எப்ப பார்த்தாலும் களைப்பு, கொட்டாவி. விளையாட்டை நிப்பாட்டச் சொல்லி அவவின்ட அப்பா நிக்கிறார். நான் நடுவில கிடந்து அவதிப்படுறன்.
(ஒரு அம்மா, லிங்கநகர்)

தங்கச்சி, நீங்க எழுதின நீளக் கடிதத்தில இருந்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தன். விடிய 4.30க்கு எழும்பிப் படிப்பு. 7.30இல இருந்து 1.30 வரை பாடசாலை. பிறகு ப்ரக்டிஸ் 4.30 வரை. 5 மணிக்கு கணித டியூசன், அது முடிய விஞ்ஞான டியூசன், வீட்டுக்கு வர 8.30. சாப்பிட்டு, ஹோம்வேர்க் செய்து, படுக்க 12. அப்ப நித்திரை நாலரை மணித்தியாலம். அந்த வயசுப் பிள்ளைக்கு 8இல இருந்து 10 மணித்தியாலம் வரைக்கும் நித்திரை வேணும். பகல் படிச்சது மண்டையில பதியிறதே நித்திரையில நடக்கிற வேலை, அதை வெட்டிப்போட்டு இன்னும் ஒரு வகுப்புக்கு அனுப்பினா ஓட்டைக் குடத்தில தண்ணி அள்ளுறதுதான்.

விளையாட்டு இன்னும் நாலைஞ்சு கிழமையில தானா முடிஞ்சிடும். அதுவரைக்கும் ஒரு டியூசனை நிப்பாட்டுங்க, விளையாட்டில கை வைக்காதீங்க, அவ ஓடட்டும். விடியக்காலம எழுப்புறதை விட்டிட்டு 10 மணிக்குப் படுக்க வையுங்க. போனை உங்கட தலைமாட்டில சார்ஜில போடுங்க, அவவின்டதை மட்டுமில்ல, அவவின்ட அப்பாவின்டதையும். கணிதப் புள்ளி கூடாட்டி எனக்குத் திரும்ப எழுதுங்க.

இன்னொரு விசயம், இதைக் கட்டாயம் பாருங்க. கொட்டாவி, களைப்பு, படியேற மூச்சு வாங்குறது எண்டா இரத்தம் குறைவோ எண்டும் ஒரு சந்தேகம் எனக்கு. பெண்பிள்ளையளுக்கு இந்த வயசில அது நல்லா நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்குப் பாடசாலையில எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆக்கள் வந்து மெடிக்கல் செய்வாங்க, அண்டைக்கு மகளை லீவு போட விடாதீங்க, இல்லாட்டி ஆஸ்பத்திரியில ஒரு இரத்தப் பரிசோதனை செய்தாத் தெரிஞ்சிடும். சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிக்கிற பழக்கம் எங்கட வீடுகள்ல இருக்கு, அது சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு முழுசா எடுக்க விடாது. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிக்கட்டும். முருங்கையிலை, நெத்தலி, தேசிக்காய் இதெல்லாம் வீட்டிலயே இருக்கு.

மகனுக்குச் சின்னனில இருந்து இழுப்பு (ஆஸ்மா). இந்த முறை மரதன் ஓடப்போறானாம். விடமாட்டன் எண்டு நான் சொன்னா சாப்பிடாமக் கிடக்கிறான். விடலாமா?
(ஒரு அப்பா, பாலையூற்று)

இழுப்பு இருக்கிற பிள்ளை ஓடவே கூடாது எண்டு இல்ல. கிளினிக்கில காட்டுற டொக்டரிட்டக் கேளுங்க, அவர் ஓம் எண்டா ஓடட்டும், வேணாம் எண்டா அந்த "வேணாம்"ஐ டொக்டரின்ட வாயாலயே அவனுக்குச் சொல்ல வையுங்க, உங்கட வாயால சொன்னா நீங்கதான் வில்லன். ஓம் எண்டாலும் இழுப்புக்கு அடிக்கிற பம்ப் அவன்ட பையில இருக்கோணும், வீட்டு அலுமாரியில இல்ல. விளையாட்டு சேருக்கு எழுத்தில குடுங்க. முதல் நாள் காய்ச்சல், வயித்தோட்டம் இருந்தா ஓடக்கூடாது, அதில பேச்சுவார்த்தையே இல்ல.

2024 மார்ச்சில எங்கட கிழக்கு மாகாணத்திலயே, அம்பாறைப் பக்கம், பாடசாலை மரதன் ஓடின 16 வயசுப் பிள்ளையொண்டு சுகமில்லாமப் போய் ஆஸ்பத்திரியில செத்துப்போச்சு. அந்த நேரம் நாடெல்லாம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அதுக்குப் பிறகும் வெயில் ஏறின பிறகு மரதன் தொடங்குற பாடசாலையள் இருக்கு, ஏனெண்டா பிரதம விருந்தினர் வந்து கொடி அசைக்கோணுமாம். பெத்தவங்க பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில இதை எழும்பிக் கேளுங்க: எத்தின மணிக்குத் தொடக்கம், எத்தின இடத்தில தண்ணி, பின்னால வாகனம் வருமா, முதலுதவி தெரிஞ்ச ஆர் அதில இருக்கிறது. ஆறு மணிக்குத் தொடங்கினா விருந்தினர் வரமாட்டார் எண்டா வராம இருக்கட்டும்.

ரோட்டோரம் நிண்டு பார்க்கிற ஆக்களுக்கும் சொல்றன், தடுமாறி, கண் சொருகி, குழறிக் கதைக்கிற பிள்ளையைப் பார்த்து "விடாத, ஓடு ஓடு" எண்டு கத்தாதீங்க. பிடிச்சு நிழலில இருத்தி, தலையில, கழுத்தில, கமக்கட்டில தண்ணி ஊத்தி, ஆஸ்பத்திரிக்கு எடுங்க.

எங்கட இல்ல ரிலே டீமில மூணு பேர் முஸ்லிம் பிள்ளையள். ப்ரக்டிஸ் நடக்கிறதே நோன்பு மாசத்தில. பகல் ரெண்டு மணிக்கு ஓடச் சொன்னா பாவமா இருக்கு, விட்டா டீம் இல்ல. கெப்டனா நான் என்ன செய்ய?
(இல்லத் தலைவி)

பாவம் எண்டு நினைச்சதே பெரிய விசயம். நோன்பு வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும், இப்ப சில வருசமா மாசி பங்குனியில வந்து விளையாட்டு சீசனோட முட்டுது, அதால இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டுமில்ல.

நீங்களாவே "நீங்க ஓட வேணாம்" எண்டு முடிவெடுத்திடாதீங்க, அதுவும் அவங்களுக்கு மனம் நோகும். மூணு பேரையும் கூப்பிட்டு அவங்களிட்டயே கேளுங்க. ரிலே கோல் கை மாத்துற பழக்கத்துக்கு நாக்கு வறள ஓடத் தேவையில்ல, நடந்து, மெல்ல ஓடிப் பழகலாம், அதைக் காலம முதல் பாடத்துக்கு முன்னுக்கு வைச்சா அவங்களுக்கும் தெம்பு இருக்கும். முழு வேகத்தில ஓடுறதைப் பெருநாளுக்குப் பிறகு வையுங்க. போட்டித் திகதியே நோன்புக்குள்ள விழுந்தா இப்பவே சேரிட்டப் போய்க் கதையுங்க. ப்ரக்டிஸ் இடையில எல்லாரும் அவங்களுக்கு முன்னால நிண்டு ஐஸ்பழம் உறிஞ்சாதீங்க. இதைப் போய் ஆராவது சொல்லித் தரோணுமா எண்டு கேட்பீங்க, நான் கண்டிருக்கன், அதால சொல்றன்.

இரவில நித்திரை வருதில்ல. பாடசாலையில எல்லாரோடயும் சிரிச்சுக் கதைக்கிறன், நான்தான் வகுப்பில பகிடி விடுற ஆள். வீட்டுக்கு வந்தா அழுகை. ஏன் இருக்கிறன் எண்டு வருது. ஆருக்கும் சொல்லாதீங்க.
(11ஆம் வகுப்பு, ஊர் போடல்ல)

பிள்ளை, உங்கட கடிதத்தை நான் ரெண்டு மூணு தரம் வாசிச்சன். எழுதினதுக்கு நன்றி.

ஆருக்கும் சொல்லாதீங்க எண்டு எழுதியிருக்கிறீங்க. நான் சொல்ல மாட்டன், நீங்க சொல்லோணும், ஒரே ஒரு ஆளுக்கு. அம்மாவா இருக்கலாம், பெரியம்மாவா இருக்கலாம், பாடசாலையில கவுன்சிலிங் டீச்சரா இருக்கலாம், தமிழ் டீச்சரா இருக்கலாம், உங்களுக்கு ஆரின்ட முகத்தைப் பார்த்தாக் கொஞ்சம் ஆறுதலோ அந்த ஆள். என்ன சொல்றது எண்டு தெரியாட்டி எனக்கு எழுதின அந்த நாலு வரியையும் அப்படியே ஒரு கடதாசியில எழுதிக் கையில குடுத்திடுங்க. அவங்க "உனக்கென்ன குறை, படிப்பைப் பார்" எண்டு சொன்னா அந்த ஆளுக்கு விளங்கல்ல எண்டுதான் அர்த்தம், உங்களில பிழை இருக்கெண்டு நினைக்காதீங்க, அடுத்த ஆளிட்டப் போங்க.

சாகோணும் எண்ட நினைப்பு வந்தா, இண்டைக்கு இரவு வந்தாலும், தனிய இருக்காதீங்க, வீட்டில ஆரையாவது எழுப்புங்க. 1926க்கு எடுங்க, அது தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். 1333 எண்டும் ஒரு ஆலோசனை இலக்கம் இருக்கு. வீட்டிலயோ வெளியிலயோ ஆராவது உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறாங்க எண்டா 1929, சிறுவர்களுக்கான இலக்கம். ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குப் போறது பைத்தியக்காரருக்கு எண்டு கதைக்கிற ஆக்கள் எங்கட ஊரில இன்னும் இருக்காங்க, அவங்க காய்ச்சலுக்கு மட்டும் ஓடிப் போவாங்க. நித்திரை வராததுக்கும் காரணமில்லாம அழுகை வாறதுக்கும் மருத்துவம் இருக்கு, சுகம் வரும், என்ட கையால கூட்டிக்கொண்டு போய்ச் சுகப்பட்ட பிள்ளையள் இப்ப பிள்ளை குட்டியோட இருக்காங்க.

இதை வாசிக்கிற மற்றப் பிள்ளையளுக்கு: உங்கட வகுப்பிலயும் கூடப் பகிடி விடுற ஒரு ஆள் இருப்பார். எப்பவாவது தனிய நிக்கேக்க "நீ எப்படி இருக்கிறாய், உண்மையாச் சொல்லு" எண்டு கேளுங்க. கேட்டிட்டுப் பதில் வரும் வரைக்கும் நில்லுங்க. சாகிற கதை சொன்னா ரகசியம் காக்கிறன் எண்டு சத்தியம் பண்ணாதீங்க, அண்டைக்கே பெரியாள் ஒருவரிட்டச் சொல்லுங்க.

பிள்ளை, அடுத்த மாசம் ஒரு வரி எழுதுங்க. நான் பார்த்துக்கொண்டிருப்பன்.

வகுப்புச் சுற்றுலாவுக்குக் காசு கட்ட ஏலாத நாலு பேர் இருக்காங்க, "வீட்டில விடமாட்டாங்க" எண்டு பொய் சொல்றாங்க எண்டு எனக்குத் தெரியும். மொனிட்டரா நான் என்ன செய்யலாம்?
(9ஆம் வகுப்பு, சாம்பல்தீவு)

அவங்கட பொய்யைக் கண்டுபிடிச்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதீங்க. வகுப்பில எழும்பி நிண்டு "காசு இல்லாதவங்க கை உயர்த்துங்க" எண்டு கேட்கிற வேலையும் வேணாம், அப்படிக் கேட்ட டீச்சர்மாரும் இருக்கிறாங்க. வகுப்பாசிரியரிட்டத் தனிய சொல்லுங்க, பழைய மாணவர் சங்கத்தில கேட்டா சத்தமில்லாமக் கட்டி விடுவாங்க.

இல்லாட்டி இடத்தையே மாத்தச் சொல்லுங்க. நுவரெலியாவுக்குத்தான் போகோணுமா? கோட்டைக்குள்ள நடந்து கோணேசர் கோயில், பின்னேரம் கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு, எந்தக் கிணறு கூடச் சுடுது எண்டு விஞ்ஞான டீச்சரிட்ட வெப்பமானி வாங்கிக்கொண்டு போய் அளந்து பாருங்க. கிண்ணியாப் பாலத்தில நிண்டு படம் எடுங்க, 2009இல அது திறக்கிறதுக்கு முன்ன அந்த இடத்தைப் பாதையில (ஆக்களை ஏத்துற மிதவையில) ஏறிக் கடந்த கதையை வீட்டில அப்பாவிட்டக் கேட்டுக்கொண்டு போங்க. சோத்துப் பார்சல் வீட்டில இருந்து. பெரிய செலவு பஸ் காசுதான்.

அடுத்த கிழமை சின்னஞ்சூட்டும் விழா. சிரேஷ்ட மாணவத் தலைவரா நான் பேசோணும். நல்ல உரை ஒண்டு எழுதித் தருவீங்களா டீச்சர்?
(மாணவன், திருகோணமலை)

தரமாட்டன். மூணு நிமிசத்துக்கு மேல பேசாதீங்க, முன்னுக்குச் சின்னப் பிள்ளையள் வெயில்ல நிக்கும்.